கைமாறிய நாடி

திவ்யா போன் செய்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நைட் ஷிப்ட் போகிறவனைப் பகலில் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். திருப்போரூரில் மனை வேண்டுமா என்று கேட்கிறவர்கள், யாரோ செத்துப்போனதைச் சொல்கிறவர்கள். திவ்யா இரண்டிலும் சேராதவள். எங்கள் கம்பெனியில் இரவு வேலை செய்கிறவர்களின் தூக்கத்தையும் இதயத்தையும் பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு அதை நடத்துகிறவள் அவள்.

"ஜெபசிங், இப்ப எப்படி இருக்கீங்க? மூச்சு வாங்குதா? தலை சுத்துதா?"

"தூக்கம் வருது மேடம்."

"விளையாடாதீங்க. உங்க வாட்ச்லேர்ந்து வந்த டேட்டாவ இப்பதான் பார்த்தேன். துடிப்பு ஒழுங்கா இல்ல. பயப்பட வேணாம். ஆனா இன்னைக்கே வந்து ஒரு ஈசிஜி எடுத்துடணும். நீங்க பைக் ஓட்டாதீங்க, யாரையாவது கூட்டிட்டு வாங்க."

பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு பைக் ஓட்டாதே என்றால் எவனுக்கும் பயம் வரும். "எப்போ மேடம் அப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், ரொம்ப நேரம் என்றாள்.

போனை வைத்துவிட்டு மல்லாந்து படுத்தேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நெஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ அடித்துக்கொண்டிருந்தது, ஒழுங்காகவா ஒழுங்கில்லாமலா என்று தெரியவில்லை. கவனிக்க ஆரம்பித்தால் எல்லா இதயமும் ஒழுங்கில்லாமல்தான் அடிக்கும். செத்துப்போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கம்பெனி லைனில் என் இடத்துக்கு மறுநாளே ஆள் வந்துவிடுவான். அம்மா அழுவாள். பாஸ்டர் நான் ஒரு நாளும் செய்யாத நல்ல காரியங்களைப் பற்றிப் பேசுவார். எல்லாம் ஒரு மாதிரி ஒழுங்காகவே நடக்கும் என்று தோன்றியது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அப்படிக் கிடந்தபோதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கையில் வாட்சே இல்லை.

வாட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு நிறம், வட்டமான கண்ணாடி, பார்க்க விலை உயர்ந்தது மாதிரி இருக்கும். அடியில் ஒரு பச்சை விளக்கு. அது மணிக்கட்டுத் தோலுக்குள் வெளிச்சத்தை அடிக்கும். ரத்தம் பச்சையை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வருகிற வெளிச்சமும் குறைந்து கூடும். அதை அளந்தால் நாடி. நான் பி.எஸ்சி. இயற்பியலை இரண்டாம் வருடத்தில் விட்டவன். விட்டதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை, காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. ஆனால் திவ்யா கம்பெனி கேன்டீனில் வைத்து இதை விளக்கியபோது பிடித்திருந்தது. ஊசி இல்லை, கத்தி இல்லை, வெறும் வெளிச்சத்தை வைத்து ஒருத்தனுக்குள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளிகளை ஒரு மென்பொருள் படிக்குமாம். ஏராளமான வெளிநாட்டுக்காரர்களின் நாடியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட மென்பொருள். பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிற நம் ஊர் ஆட்களுக்கும் அது சரியாகச் சொல்லுமா என்பதுதான் திவ்யாவின் கேள்வி. அதோடு வேறு கேள்விகளும் இருந்தன. வீட்டில் எத்தனை பேர், பகலில் தூங்கத் தனி அறை உண்டா, தெருவில் ஸ்பீக்கர் கட்டுவார்களா. கடைசிக் கேள்விக்கு நான் நீளமாகப் பதில் சொன்னேன்.

கையெழுத்து வாங்கிய தாளில், 'இக்கருவியைப் பிறரிடம் கொடுக்கக் கூடாது' என்று இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் ஜோயல் பிறர் இல்லை. என் அத்தை மகன்.

எங்கள் காலனியில் பெண் பார்க்கப் போகிறவன் தன் சொந்தப் பொருளை மட்டும் போட்டுக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. சட்டை ஒரு வீட்டிலிருந்து வரும், பெல்ட் ஒரு வீட்டிலிருந்து வரும், வண்டி இன்னொரு வீட்டிலிருந்து வரும். இதற்கு யாரும் இரவல் என்று பெயர் வைப்பதில்லை. கேட்பதும் இல்லை. ஆணியில் மாட்டியிருப்பதை எடுத்துக்கொண்டு, 'எடுத்துகினேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். என் அக்கா நிச்சயதார்த்தத்தின்போது எங்கள் வீட்டில் இருந்த பொருள்களில் பாதியை நானே அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஜோயல் வந்து என் கையிலிருந்து வாட்சைக் கழற்றினான். "எடுத்துகினேன் மச்சான்" என்றான். ம் என்றேன். அவ்வளவுதான்.

ஆக, ஒழுங்கில்லாமல் துடித்த இதயம் என்னுடையது இல்லை. பெரிய நிம்மதி. கூடவே, சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு சின்ன ஏமாற்றம். அப்புறம்தான் ஜோயல் நினைவுக்கு வந்தான்.

ஜோயல் ஏசி மெக்கானிக். கேளம்பாக்கம் பக்கம் ஏதோ அபார்ட்மென்டில் வேலையாக இருந்தான். பைக்கில் நேராக அங்கே போய் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக, கண்ணாடிப் பொருள் மாதிரி, கீழே வைத்தான்.

"இன்னா மச்சான் சொல்ற? எனக்கா? நான் இன்னும் கல்யாணமே பண்ணல."

"பண்ணவனுக்குத்தான் வரும்னு எவன் சொன்னான்? வா, ஏறு."

செங்கல்பட்டு போகிற வரைக்கும் ஒரு கையால் என் தோளையும் ஒரு கையால் தன் நெஞ்சையும் பிடித்துக்கொண்டு வந்தான். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் "மெதுவா, மெதுவா" என்றான். நடுவில், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் டூல் பாக்ஸை யாருக்கும் தராமல் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னான். எனக்கு ஸ்குரூ கழற்றக்கூடத் தெரியாது என்பதை நினைவுபடுத்தினேன். "பரவால்ல, வெச்சிக்கோ" என்றான். ஜோயலைப் பொறுத்தவரை ஒரு பொருளை வைத்திருப்பதற்கும் அதைப் பயன்படுத்துவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

திவ்யா எங்களைப் பார்த்ததும் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். நான் ஜோயலைக் காட்டி, "ஆள் இவன் மேடம்" என்றேன். அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பேனாவை மூடி மேசை மேல் வைத்தாள்.

"எங்க ஊரு வேடந்தாங்கல் பக்கம், தெரியுமில்ல? ஆராய்ச்சிக்குன்னு வரவங்க பறவை கால்ல வளையம் மாட்டி விடுவாங்க. எந்தப் பறவையும் அதைக் கழட்டி பக்கத்து பறவைக்குக் குடுத்து நான் பார்த்ததில்ல, ஜெபசிங்."

"அது பொண்ணு பாக்கப் போறதில்ல மேடம்" என்றான் ஜோயல்.

சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதும் அவனுக்கு வாய் மட்டும் அடங்காது. திவ்யா சிரிக்கவில்லை. ஒருவன் இப்படிச் செய்தால் மற்றவர்களும் செய்திருப்பார்கள், மொத்தமும் குப்பைதான், பேராசிரியரிடம் என்ன சொல்வேன் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு ஜோயலை ஈசிஜி எடுக்க அழைத்துப் போனாள். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் பழைய களை வந்திருந்தது. அவன் இதயத்தில் ஒரு குறையும் இல்லை.

பிறகு அவள் லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். திரையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கோடாக ஓடியது. காலையில் நான் தூங்கிய பகுதி, தாழ்வாக, ஏறக்குறைய செத்தவன் மாதிரி. அப்புறம் ஜோயலின் கைக்குப் போனது. பைக் ஓட்டியது, படியேறியது எல்லாம் தெரிந்தது. ஓர் இடத்தில் கோடு திடீரென்று மலை மாதிரி எழுந்தது.

"இங்க என்ன நடந்தது? ஓடினீங்களா?"

ஜோயல் திரையை உற்றுப் பார்த்தான். கழுத்தைச் சொறிந்தான். "அது... பாஸ்டர் ஜெபம் பண்ணிகினு இருந்தாரு. எல்லாரும் கண்ண மூடிகினு இருந்தாங்க. நான் நடுவுல ஒரு தடவ தொறந்துட்டேன் மேடம்."

"அதுக்கு இப்படியா?"

"அதுவும் கண்ணு தொறந்துகினு இருந்துச்சு."

அந்தப் பெண்ணைச் சொல்கிறான். திவ்யா அந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள். ஆனால் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. மலைக்கு அப்புறம் கோடு அறுந்திருந்தது. ஒரு சின்ன வெற்றிடம். அது முடிந்து கோடு மறுபடி தொடங்கியபோது அதன் நடையே மாறியிருந்தது. மூன்று துடிப்பு நெருக்கமாக, ஒன்று தள்ளி, இரண்டு அவசரமாக, அப்புறம் ஒரு தயக்கம். குடித்துவிட்டு மாடிப்படி இறங்குகிறவன் கால் வைப்பது மாதிரி.

"இந்த எடத்துல வாட்ச் கழண்டிருக்கு. இதுக்கப்புறம் இருக்கறது உங்க கையே இல்ல" என்றாள். "யாரு போட்டுட்டு இருந்தாங்க?"

ஜோயலின் வாய் திறந்தபடி நின்றது. "பொண்ணோட அப்பா" என்றான். "ஜெபம் முடிஞ்சதும், குடு தம்பி பாக்கலாம்னு கேட்டாரு. கையில மாட்டிகினவரு, சாப்ட்டு முடிச்சு நாங்க கெளம்பற வரிக்கும் கழட்டல. நான் எங்க கேக்கறது?"

திவ்யா நிதானமாகச் சொன்னாள். வாட்ச் சொல்வது சந்தேகம் மட்டும்தான், முடிவு இல்லை. ஆனால் இது உண்மையாக இருந்தால் இதயத்தின் மேல் அறை சுருங்கி விரியாமல் உதறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம், அது மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். மாத்திரை போட்டால் தடுக்கலாம். "தெரிஞ்சுட்டா பெரிய வியாதி இல்ல. தெரியாம இருக்கறதுதான் ஆபத்து. அவரைக் கூட்டிட்டு வாங்க. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்."

வெளியே டீக்கடையில் ஜோயல் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"வாட்ச் என்னுதுன்னு பொண்ணு வூட்ல சொல்லிட்டேன் மச்சான்."

"கேட்டாங்களா?"

"கேக்கல. நானேதான் சொன்னேன். துபாய்லேர்ந்து பெரியப்பா பையன் அனுப்பிச்சான்னு."

"உனக்கு ஏதுடா துபாய்ல பெரியப்பா பையன்?"

"அதான் இப்ப பேஜாரு."

அது மட்டும் பேஜாராக இருந்தால் பரவாயில்லை. ஜோயலின் அம்மா மார்கரெட் அத்தை ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்ததிலிருந்து அந்த வீட்டைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணாடி டீப்பாய், பெரிய டிவி, மெத்தை வைத்த நாற்காலிகள், வசதியான இடம். இந்த வார முடிவில் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அத்தைக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. மாமா ஆஸ்பத்திரியிலேயே கிடந்து செத்தவர். பெண்ணின் அப்பனுக்கு நெஞ்சில் நோய் என்று தெரிந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவாள். அத்தைக்குத் தெரியாமல் அவரிடம் மட்டும் சொல்லலாம் என்றால், அவர்கள் என்ன நினைப்பார்கள்? பெண் பார்க்க வந்தவன் நோய் கண்டுபிடிக்கிற மிஷினைக் கட்டிக்கொண்டு வந்து வேவு பார்த்தான் என்று நினைக்க மாட்டார்களா?

"நீ வேணா குரல மாத்தி போன் பண்ணி சொல்லேன். சுகாதாரத் துறைலேர்ந்து பேசறோம், உங்களுக்கு இதயம் சரியில்லன்னு."

"எந்த சுகாதாரத் துறைடா வூட்டுக்கு வூடு போன் பண்ணி இதயம் சரியில்லன்னு சொல்லுது?"

அவன் டீயைக் கீழே ஊற்றினான். "எனக்கு அந்தப் பொண்ண புடிச்சிருக்கு மச்சான்" என்றான். டீயிடம் சொல்கிற மாதிரி இருந்தது. இதற்குமுன் ஐந்தாறு பெண்களைப் பார்த்துவிட்டு வந்தவன், ஒரு தடவையும் இப்படிச் சொன்னதில்லை. ஆறுதலாக எதையாவது சொல்லலாம். எனக்கு அது வராது. "அந்த ஆளு கை கால் விழுந்து கெடந்தா உனக்குப் புடிச்சது புடிக்காதது எல்லாம் ஒண்ணுதான். கெளம்பு" என்றேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம். சாலையின் ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கு அந்தப் பக்கம் கடல் சத்தம். பெண்ணின் அப்பா ஞானதாஸ், பஞ்சாயத்தில் தண்ணீர் டேங்க் ஆபரேட்டர். பெண் ஷாரோன், மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. ஜோயல் இதையெல்லாம் வழி நெடுக என் காதில் சொல்லிக்கொண்டே வந்தான், பரீட்சைக்குப் போகிறவன் மனப்பாடம் செய்கிற மாதிரி.

கதவைத் திறந்தது ஷாரோன்தான். ஈரத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். ஜோயல் வேலைச் சட்டையில் இருந்தான். ஏசிக்குள்ளிருந்து கொட்டின தூசு புருவம் வரை படிந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் யார் என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். கூடத்தில் ஒரு பாய், முதுகு உடைந்து கம்பி போட்டுக் கட்டின ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் பைபிள் வசனக் காலண்டர். டிவி இல்லை. டீப்பாய் இல்லை. வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஞானதாஸ் லுங்கியோடு பின்கட்டிலிருந்து வந்தார். எங்களைப் பார்த்ததும் வேகமாக உள்ளே போய் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அந்த நாலு எட்டுக்கே மூச்சு வாங்கியது.

"புடிக்கலன்னா போன்லயே சொல்லிக்கலாமே தம்பி. இதுக்கோசரம் வேலய கெடுத்துகினு நேர்ல வரணுமா?"

"ஐயோ, அது இல்ல மாமா" என்றான் ஜோயல்.

"அதுக்குள்ள மாமாவா?" என்றாள் ஷாரோன்.

ஜோயல் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு மச்சான்."

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "அன்னிக்கு இவன் கட்டிகினு வந்த வாட்ச் இவனுது இல்ல. என்னுது. என்னுதும் இல்ல, ஆஸ்பத்திரியுது" என்றேன்.

ஷாரோன்தான் முதலில் சிரித்தாள். சின்னச் சிரிப்பு இல்லை, துண்டு அவிழ்ந்து தோளில் விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"டீப்பாய் ஹெலன் அக்கா வூட்டுது" என்றாள். "டிவி சரோஜாம்மா வூட்டுது. அது ஓடவே ஓடாது, சும்மா மாட்டி வெச்சோம்."

"ஏய், சும்மா இரு" என்றார் ஞானதாஸ்.

"சேருங்க சர்ச்சுது. நீங்க உக்காந்துகினு இருந்தீங்களே, அது பாஸ்டரோட சேரு."

ஜோயலுக்கு முகம் மலர்ந்தது. "என் சட்ட சித்தப்பாவுது. ஷூ ரமேஷுது, ஒரு சைஸ் சின்னது. ரெண்டு நாள் நடக்க முடியல."

"அதான் அப்படி நடந்தீங்களா? கால்ல ஏதோ கொற இருக்கு, மறைக்கறாங்கன்னு நாங்க பேசிகினோம்."

"பாயசம்?"

"அது மட்டும் எங்களுது."

அப்படியே விட்டிருந்தால் இரண்டு பேரும் அங்கேயே நின்று தங்களிடம் இல்லாததையெல்லாம் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். கெடுக்க வேண்டியது என் வேலையாகிவிட்டது. அந்த வாட்ச் எதற்கு, அது ஞானதாஸ் கையில் இருந்தபோது என்ன காட்டியது என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அதில் ஆச்சரியம் இல்லை. தெரிந்த ஒன்றை வெளியாள் வாயால் கேட்கிறவரின் முகம் அது.

"ஒனக்கு முட்டி வலின்னு தானே சொன்ன?" என்றாள் ஷாரோன். சிரிப்பு போயிருந்தது. எங்களிடம் திரும்பினாள். "முட்டி வலின்னுட்டு டேங்க் மேல ஏற மாட்டேன்னுச்சு. ரெண்டு மாசமா நான்தான் ஏறி கிளோரின் போட்டுகினு கீறேன். ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது."

ஞானதாஸ் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு படி ஏறினால் நெஞ்சுக்குள் யாரோ மூட்டையை உதறுவது போல இருக்கிறது என்றார். வாட்சில் நாடி தெரியும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாராம். அதனால்தான் அன்றைக்கு ஜோயலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். சாப்பிடும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். எண் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு இடத்தில் நிற்கவே இல்லையாம். "மீன் எறங்கல எனக்கு" என்றார்.

"அப்பவும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு தோணலியா?"

"பொண்ணுக்கு ஒரு எடம் கூடி வர நேரத்துல அப்பன் நெஞ்சு நோவுக்காரன்னு பேரு வந்தா எவன் கட்டுவான்? கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு இருந்தேன்." ஜோயலை நிமிர்ந்து பார்த்தார். "நீயே சொல்லு தம்பி. உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா சரின்னுவாங்களா?"

ஜோயல் பொய் சொல்வதில் கெட்டிக்காரன். துபாயில் ஒரு பெரியப்பா பையனையே உண்டாக்கினவன். நான் காத்திருந்தேன்.

"மாட்டாங்க" என்றான்.

ஷாரோன் அவனைப் பார்த்தாள்.

"மாட்டாங்க மாமா. அவங்களுக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம். ஆனா நீங்க வாங்க. அத நான் பேசிக்கறேன்."

"பேசி, அவங்க வேணான்னா?"

ஜோயல் புருவத்துத் தூசைத் துடைத்தான். ஞானதாஸ் கைகளைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் முடியட்டும், வரேன் என்றார் மறுபடி. அதைவிட நல்ல யோசனை உலகத்திலேயே இல்லை என்பது மாதிரி.

ஷாரோன் உள்ளே போனாள். ஸ்கூட்டி சாவியோடு வந்தாள். "கல்யாணத்தன்னிக்கி ஒரு பக்கம் இழுத்துகினு, வாயில எச்சி ஒழுக நீ என் கையப் புடிச்சு கூட்டிகினு போவணும், அதான ஒன் ஆச? எனக்கு இந்த எடமும் வேணாம், எந்த எடமும் வேணாம். எந்திரி."

"எங்களுக்கு வேணும்" என்றான் ஜோயல் மெதுவாக. அது யார் காதிலும் விழுந்த மாதிரி இல்லை. ஆனால் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது ஷாரோன் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தாள். அதில் தெரிந்தது பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா இல்லை, எங்கள் பைக்.

ஆஸ்பத்திரியில் அன்று எடுத்த ஈசிஜியில் ஒன்றும் இல்லை. ஞானதாஸ் எங்கள் எல்லோரையும் குற்றவாளிகளைப் பார்ப்பது போலப் பார்த்தார். இந்த மாதிரி உதறல் வந்து வந்து போகும், நாம் பார்க்கிற நேரத்தில் வராது என்றாள் திவ்யா. டாக்டரிடம் பேசி, ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டி ஒன்றை அவருக்கு மாட்டிவிட ஏற்பாடு செய்தாள். வட்ட வட்டமான ஒட்டுகள், அவற்றிலிருந்து ஒயர்கள். "இதை யாருக்கும் குடுக்கக் கூடாது. சொந்தக்காரங்களுக்கும்" என்று மூன்று தடவை சொன்னாள்.

எங்களுக்காக அவள் இவ்வளவு செய்தபோது அவளுடைய ஆராய்ச்சி சாய்ந்துகொண்டிருந்தது. வாட்ச் வாங்கின எல்லோருக்கும் அன்றே போன் செய்து கேட்டிருக்கிறாள். ஒருத்தனிடமிருந்து மாமியார் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவே இல்லை. ஒருத்தன் சூப்பர்வைசர் ஆசைப்பட்டுக் கேட்டதால் கொடுத்திருக்கிறான். ஒருத்தன் வீட்டில் அது ஆளுக்கு ஒரு நாள் என்று சுற்றியிருக்கிறது, சண்டை வரக்கூடாது என்பதற்காக. பேராசிரியர் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்திருக்கிறாள். அவரோ, ஒரு கைக்கு ஒரு ஆள் என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் தப்பு என்றாராம். கோடு அறுந்து நடை மாறும் இடத்தை மென்பொருளே கண்டுபிடித்து, இது வேறு ஆள் என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள் என்றாராம். அதை என்னிடம் சொன்னபோது திவ்யா தூங்காத கண்களோடு சந்தோஷமாக இருந்தாள். நைட் ஷிப்ட் ஆட்களைப் படிக்க வந்து அவளே நைட் ஷிப்ட் ஆகிவிட்டாள். என் டேட்டாவை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "தூக்கிப் போடல. ஆனா உங்க பேருக்கு கீழ இப்ப மூணு பேரு இருக்கீங்க" என்றாள்.

மறுநாள் மத்தியானம் பெட்டியைக் கழற்றும் நேரத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். முந்தின நாள் சாப்பிட்டுப் படுத்திருந்தபோதும், காலையில் பல் தேய்க்கும்போதும் உதறல் வந்திருந்தது, தெளிவாகப் பதிவாகியிருந்தது. டாக்டர் மாத்திரைகளை எழுதினார். டேங்க் மேல் ஏறக்கூடாது, மற்றபடி எல்லாம் செய்யலாம், நல்லவேளையாக இப்போதே வந்தீர்கள் என்றார். "நான் எங்க வந்தேன்? என்ன தூக்கிகினு வந்தாங்க" என்றார் ஞானதாஸ். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. ரொம்ப நாளாகத் தனியாகச் சுமந்ததை எங்கேயோ இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார்.

ஒட்டுகளை எடுக்கிற நர்ஸ் வேறு கட்டிலில் இருந்ததால் ஷாரோன் தானே எடுக்கிறேன் என்றாள். ஞானதாஸ் சட்டையைக் கழற்றி, வைக்க இடம் தேடி, பக்கத்தில் நின்ற ஜோயலின் கையில் போட்டார். அவர் நெஞ்சில் நல்ல அடர்த்தியான முடி. முதல் ஒட்டை ஷாரோன் பிடித்து இழுத்ததும் அவர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. ஒட்டோடு ஒரு வட்டம் முடியும் வந்துவிட்டது. "பொய் சொன்னதுக்கு இது" என்றாள் ஷாரோன். அடுத்ததை இழுத்தாள். "முட்டி வலிக்கு இது." எதிர்க் கட்டிலில் இருந்த கிழவர் பல்லில்லாத வாயால் எண்ண ஆரம்பித்தார். ஞானதாஸும் கத்திக்கொண்டே சிரித்தார்.

அப்போது என் போன் அடித்தது. மார்கரெட் அத்தை.

"ஜெபா, அவன் எங்கடா? போனே எடுக்கல. பொண்ணு வூட்டுக்குப் பதில் சொல்லணும், காலைலேர்ந்து அந்த தரகன் உசுர வாங்கறான். சரின்னு சொல்லிடலாம்னு கீறேன், இவன ஒரு வார்த்த கேக்கலாம்னா ஆளையே காணோம். எங்க கீறான்? இன்னா அது சத்தம், யாரு கத்தறது?"

போனை ஜோயலிடம் நீட்டினேன். திரையில் இருந்த பெயரைப் பார்த்தான். ஷாரோனும் பார்த்துவிட்டாள். அவள் கை அடுத்த ஒட்டின் மேல் அப்படியே நின்றது. ஞானதாஸ் சிரிப்பதை நிறுத்தினார்.

"சொல்லு மா" என்றபடி ஜோயல் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளி வராந்தாவுக்குப் போனான். கதவு மூடிக்கொண்டது. இங்கிருந்து குரல் கேட்கவில்லை. முதலில் அசையாமல் நின்று கேட்டான். பிறகு பேச ஆரம்பித்தான். நடந்தான். திரும்பினான். ஒரு கையில் போன், இன்னொரு கையால் காற்றில் ஒரு கோட்டை ஏற்றி இறக்கி வரைந்து காட்டினான், எதிரில் அத்தையே நிற்பது மாதிரி. அந்தக் கையில் ஞானதாஸின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கையை வீசும்போதெல்லாம் சட்டையும் சேர்ந்து எழுந்து எழுந்து விழுந்தது.

"தம்பி, சட்ட" என்றார் ஞானதாஸ், கூப்பிடுகிற குரலில் இல்லை. ஆங்காங்கே வட்டமாக முடி போன நெஞ்சோடு, பாதி ஒட்டுகள் இன்னும் மிச்சம் இருக்க, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஷாரோன் ஒட்டைப் பிடித்த விரலை எடுக்காமல் நின்றாள். வெளியே ஜோயல் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.